பொட்டு வைத்துக்கொண்ட மர நத்தைகள்

செஞ்சி,
வைகாசி, வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய மங்கை அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி ஜெயஸ்ரீ வணங்கி எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி, கல்யாணப் பெண்ணான எங்கள் மகள் பாரதி மூவரும் நலம். தோட்டத்துக் கல்யாண முருங்கையில் குடியிருப்பவர்களும் நலம். அவலூர்பேட்டையில் நீங்களும் ஆதிமூலம் அண்ணனும், இங்கிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுபோனீர்களே அந்த ஒருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் பாதியில் அழுதுவிடுவேன். உங்கள் தெருவே கேட்கும். ஆகவே நாளைக் காலை சாமான் எடுக்க அந்தப் பக்கம் வரும் பந்தல்காரர் கன்னியப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணி, நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்றுப் பந்தக்கால் நட்டபோது நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் என் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. விடியற்காலையில் கன்னியப்பன் கல்யாண முருங்கைக் கிளையில் கத்தியை வைத்துக்கொண்டு, "ஏதோ ஒட்டிகினு இருக்குதும்மா, கலர் கலரா" என்றார். நீங்கள், "காய்ச்ச மரம்னா காய் இருக்காதா? நல்ல நேரம் போவுது, வெட்டுய்யா" என்றீர்கள். நான் அடுப்படியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் கிளையை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி, மஞ்சள் பூசி, புடைப்பாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தீர்கள். அவை காயல்ல, என் நத்தைகள். சுண்டுவிரல் நகத்தளவில் வெள்ளை ஓடு, அதில் ஊதாவும் பழுப்புமாகக் கோடு. கோயில் குளப் படிக்கட்டைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். சொல்ல வாயெடுத்தேன். கல்யாண வேலையில் நத்தைப் பேச்சை எடுத்தால் உங்கள் தம்பி முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முகூர்த்தப் புடவையோடு சம்பந்தியம்மா சுமலதா வேறு தளவானூரிலிருந்து வந்து நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் ஐந்து சுமங்கலிகளைக் கூப்பிட்டுப் பாலும் தண்ணீரும் ஊற்றச் சொன்னீர்கள். தை மாதத்திலிருந்து ஒரு சொட்டு நனையாத பிராணிகள், அண்ணி. இந்த ராஜகிரிக் கோட்டைப் பாறை இரவிலும் அனல் வீசுகிற ஊரில் அவை பிழைத்திருப்பதற்கே காரணம், மரத்தில் ஏறி, வாயைத் தம் எச்சிலாலேயே அப்பளம் போல் மூடி ஒட்டிக்கொண்டு தூங்குவதுதான். மேலே ஈரம் பட்டால் மழை என்றுதான் அவற்றுக்குத் தெரியும். நமது சம்பிரதாயமெல்லாம் தெரியாது. பூசை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சுமலதா டம்ளரைக் கீழே போட்டார்.

"ஐயையோ, பொட்டெல்லாம் நடக்குது!"

நடந்தன. மஞ்சள் பூசிய முதுகில் குங்குமத்தோடு, கொம்பு நீட்டி, வரிசையாகப் பந்தக்காலில் ஏறின. உங்கள் தம்பி துண்டால் தட்டிவிடப் போனார். சுமலதா புடவைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "பந்தக்கால்ல பூச்சி ஏறுதுன்னா நல்லதுக்கா? எதுக்கும் ஜோசியர கேட்டுட்டு வேற நாளு பாக்கலாம்" என்றார். பாரதியின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. மருதாணி வைத்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அண்ணி, நீங்கள் அதைச் செய்தீர்கள். "டேய் சேகரு, தள்ளிப் போ" என்று தம்பியை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஜெயஸ்ரீ, நீதான இதெல்லாம் படிச்சவ. இன்னான்னு சொல்லு" என்றீர்கள். நான் விலங்கியல் பட்டத்தோடு இந்த வீட்டுக்கு வந்தவள். அந்தப் பட்டத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கேட்ட முதல் கேள்வி அது. மரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன் என்பதற்காக எனக்கு நத்தைக்காரி என்று பேர் வைத்தவரும் நீங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் நேற்றோடு அதை மன்னித்துவிட்டேன்.

சொன்னேன். இலையைத் தின்னாது, பட்டையில் படியும் பாசியை அரம் போன்ற நாக்கால் சுரண்டித் தின்னும், மழைக்காலத்தில்தான் ஊர்ந்து திரியும், மற்ற மாதமெல்லாம் வாயை மூடித் தூங்கும், முட்டையிட மட்டும் மண்ணுக்கு வரும், யாருக்கும் தீங்கு செய்யாது, மழை வந்ததென்று நினைத்து விழித்திருக்கிறது என்றேன். சுமலதா கொஞ்சம் கிட்டே வந்தார்.

"வாய மூடிகினு அத்தினி மாசமா இருக்கும்?"

"இருக்கும்ங்க."

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு நாளு வருமா? சரி, இதுல எது ஆணு, எது பொண்ணு?"

அங்கேதான் நான் பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் தம்பி, "விடு ஜெயஸ்ரீ" என்று கண்ணைக் காட்டினார். ஆனால் இத்தனை வருடம் கழித்து ஒருவர் கேட்கிறார். "ஒவ்வொண்ணும் ஆணும்தான், பொண்ணும்தான். ஆனாலும் ஜோடி சேரும்" என்றேன். கன்னியப்பன்கூடக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். நீங்கள்தான் அண்ணி, காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "அப்ப அதுங்கள்ல எல்லாருமே மாப்ள வூடு, எல்லாருமே பொண்ணு வூடு. மொறப்பா நிக்கறதுக்கு ஆளே கெடையாது. குடுத்து வெச்ச ஜென்மங்க!"

முதலில் சிரித்தவர் சுமலதா. சிரித்துக்கொண்டே புடவைத் தட்டைப் பாரதி கையில் கொடுத்தார். மருதாணிக் கை வெளியே வந்தது. அதற்கப்புறம் நீங்கள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, முள் குத்த ஒவ்வொன்றாக எடுத்து மரத்தில் விட்டதையும், "பொட்ட அழிக்கவா, இருக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டதையும் நான் மறக்க மாட்டேன். இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். எல்லாம் உச்சிக்கிளைக்கு ஏறி மறுபடியும் வாயை மூடிக்கொண்டன. சிலவற்றின் நெற்றியில் இன்னும் குங்குமம்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சாமி அறைக்கென்று கொண்டுபோனீர்களே, அதை இந்தக் கடிதம் கண்டதும் உங்கள் வாசல் வேம்பில் விட்டுவிடுங்கள். அது வேடிக்கைப் பொருள் அல்ல. ஒருமுறை எழுப்பியதே பாவம். ஆதிமூலம் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று பாரதியை நீங்கள் வாழ்த்த வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
ஜெயஸ்ரீ

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சுமலதா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் பந்தக்காலாம். தளவானூர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "நீங்க வந்து அந்த நத்த கதய எங்க ஆளுங்களுக்கும் சொல்லணும், காட்டறதுக்கு ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்கிறார். உச்சிக்கிளை எனக்கு எட்டாது. ஆகவே அண்ணி, மேலே எழுதிய வேண்டுகோளைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டிருந்தால் வேம்பில் ஏறியாவது பிடித்துக்கொண்டு ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். அது தூங்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன். பால் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நத்தைக்காரி