கூவாமல் பனையேறிய டிரெக்டர்

திகில் படத்துக்கு இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள், உச்சி வெயிலில் யாழ்ப்பாணத்து வேலணையில், பனைகள் அடர்ந்த பனங்கூடலுக்குள் தனியே நடந்து பார்க்காதவர்கள். காற்று நின்ற பிறகும் மரத்தில் காய்ந்து தொங்கும் காவோலை சரசரக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராது.

எழுபதுகளின் கடைசி. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தானிடம் சின்னதாக ஒரு சினிமாக் கமராவும் மிச்சமாக ஒரேயொரு பிலிம் சுருளும் இருந்தன. காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

"நாளைக்கு நான் லண்டனுக்கு வெளிக்கிடுறன். இண்டைக்கு முடிச்சியெண்டால் கொண்டுபோய்க் கழுவுவிக்கிறன். இல்லையெண்டால் விடு," என்றார். உலக சினிமாவுக்கும் எனக்கும் நடுவே அந்த ஒரு பகல்தான் நின்றது.

கதாநாயகன் என் கூட்டாளி சிவம். கதை எளிது: தனியே போகிறவனை யாரோ தொடர்கிறார்கள். தூரத்தில் நின்று, நெட்டைப் பனைகளுக்கு நடுவே அவனை எறும்பாக்கினேன். மண்ணில் படுத்துக் கால்களை மட்டும் எடுத்தேன். தொடர்பவனின் ஆளைக் காட்டாமல் நிழலை மட்டும் காட்டினேன். (நிழல் என்னுடையது. உச்சி வெயில் என்பதால் கொலைகாரன் குள்ளனாகிவிட்டான்.) எல்லாம் சரி, சிவத்தின் முகத்தில் மட்டும் பயம் வரவில்லை. பசிதான் வந்தது.

கடைசிக் காட்சி உயரத்திலிருந்து. ஏணியைச் சாத்தி, அது முடிந்த இடத்துக்கும் மேலே ஏறிப் பனையைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கள்ளுச் சீவுகிறவர் ஏறும்முன் கூவுவார். கிணற்றடியில் குளிக்கும் பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல்தான். ஆனால் நான் கள்ளுச் சீவவா ஏறினேன்? கலைக்காக அல்லவா!

"ஆரடா அது பனையிலை?"

ஓலை வேலிக்கு அப்பால் கிணற்றடியில், மார்புக்கு மேல் முடிந்த குறுக்குக்கட்டும் வாளியுமாகப் பாக்கியம் மாமி. (பக்கத்து வளவு. உறவில்லை, ஆனாலும் அடிக்கும் உரிமை உண்டு.)

"நான்தான் மாமி! படம் எடுக்கிறன்!"

உலகத்தில் வேறு எத்தனையோ பதில்கள் இருந்தன.

"என்னையோடா?"

"இல்லை மாமி, சிவத்தை!"

"சிவம் எங்கையடா?"

மாமியின் குரல் கேட்டதுமே அவன் ஏணியைத் தட்டி விழுத்திவிட்டுப் பனைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தான், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. காலையிலிருந்து நான் கெஞ்சிய பயம் அந்த முகத்தில்! விடுவேனா? ஒரு கையால் பனையை அணைத்துக்கொண்டு, அவன் மறையும்வரை எடுத்தேன்.

நெஞ்சுத் தோலைப் பனைக்குக் கொடுத்துவிட்டுச் சறுக்கி இறங்கியபோது, மாமி சேலை உடுத்து அயலட்டைச் சனத்தையெல்லாம் கூட்டியிருந்தார். அத்தானும் வந்துவிட்டார்.

"மாமி, எனக்கு அடியுங்கோ. கமராவிலை மட்டும் கை வையாதேங்கோ."

"உள்ளுக்கை நான் நிக்கிறனோ எண்டு பாக்க வேணும்!"

பறித்தார், மூடியைத் திறந்தார். சுருளை முழம் முழமாக இழுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு சபைக்குத் தீர்ப்புச் சொன்னார்:

"ஒண்டும் இல்லை. வெறும் நாடா. பெடியனிலை பிழையில்லை."

வெளிச்சம் பட்டதால்தான் எல்லாம் அழிந்தது என்று நான் வாய் திறந்தால், என் விடுதலையும் அங்கேயே அழிந்துவிடும். மண்ணில் கிடந்த நாடாவைப் பொறுக்கிச் சுருட்டினேன். அத்தான் வேலிப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

சிவம் ஓடிய அந்தக் காட்சியைப் போல இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் சாதிப்பேன். பார்த்தவன் நான் ஒருவன்தான். வீட்டில் அதற்கு மதிப்பில்லை. மின்குமிழ் மாற்ற நான் கதிரையில் ஒரு கால் வைத்தால் போதும், குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவி ஊருக்கே கேட்கக் கூவுவாள்:

"பொம்பிளையள் எல்லாம் ஒதுங்குங்கோ! டிரெக்டர் ஏறுறார்!"