துளசிக்குப் பத்தியம்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் தனஞ்சயனுக்கு,

இங்கு நானும் மாமியும் மொட்டைமாடித் துளசிகளும் நல்ல சுகம். உம்முடைய சுகத்தையும் உம்முடைய ஆய்வுகூடத்தில் வளரும் பங்கசுகளின், அதுதான் அந்தப் பூஞ்சணங்களின், சுகத்தையும் அறிய ஆவல். வட்ஸ்அப்பில் எழுதினால் மாமி எட்டிப் பார்ப்பா என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

துளசி பிழைத்துவிட்டது, தம்பி! மாமி மெல்பேண் போகிறா! அப்பாடா, இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குது. உமக்குத் தெரியும், எங்கள் மகள் உஷாந்திக்கு இது தலைப்பிள்ளை. "அம்மா வாங்கோ" என்று மகள் அங்கே அழ, இங்கே மாமி, "துளசி பட்டுக்கொண்டு போகேக்கை நான் வாசல்படி தாண்டமாட்டன், பிள்ளைக்குக் கூடாது" என்று வெறும் சூட்கேசின்மேல் ஏறி இருந்துவிட்டா. நல்லவேளை, நீர் வந்து ஒரு செடியைப் பிடுங்கி அழுகிய வேரைக் காட்டி, இது செய்வினை இல்லை, வேர்நோய் என்று விளங்கப்படுத்தினீர். நீர் தந்த ட்ரைக்கோடேர்மாத் தூளை உக்கிய மாட்டெருவில் கலந்து வேரடியில் போட்டேன். நல்ல பங்கசு கெட்ட பங்கசைத் தின்னும், தண்ணீரை மட்டும் குறையுங்கோ என்றீர். அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதில்தான் நான் கெட்டேன்.

எங்கள் பிளாட்ஸில் இருப்பவர்கள் முழுப்பேரும் பக்தர்கள். விடிந்தால் இராசரத்தினம் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்து ஒரு செம்பு. அவர் ஊற்றியது தெரியாமல் அவருடைய மனிசி இன்னொரு செம்பு. மேல்வீட்டுத் தனுஷியா ரீச்சர் வெள்ளியென்றால் பாலும் மஞ்சள்தண்ணியும். கீழ்வீட்டுக் கிளறன்ஸ் வேதக்காரர், அவராவது சும்மா இருப்பார் என்று பார்த்தால், "அண்ணே, நம்ம பங்குக்கும் கெடக்கட்டும்" என்று கொட்டாஞ்சேனைச் சேர்ச்சிலிருந்து ஆசீர்வதித்த தண்ணியைப் போத்தலில் கொண்டுவந்து ஊற்றுகிறார். வாடியிருக்கே என்று எல்லாருக்கும் இரக்கம். அவர்கள் இரங்க இரங்க அது இன்னும் வாடுது. உம்முடைய நல்ல பங்கசு கெட்டதைத் தின்னுமா, நீச்சல் பழகுமா, நீரே சொல்லும்! தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று போர்ட் எழுதித் தொங்கவிட்டேன். போர்ட்டையும் கழுவிவிட்டார்கள். பங்கசு அது இது என்று சொல்லிப் பார்த்தேன். "சாமிச்செடிக்குப் பூஞ்சணமோ?" என்று ரீச்சர் என்னோடு கதையை நிற்பாட்டிப்போட்டா.

கடைசியில், ரீச்சர் மறுபடியும் செம்போடு ஏறி வர, எரிச்சலில் என்ரை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிச்சுது: "ரீச்சர், துளசிக்கு மருந்து குடுத்திருக்கு. இப்ப அது பத்தியம்!"

செம்பு அந்தரத்தில் நின்றது. "ஐயோ, அதை முதலே சொல்லியிருக்கலாமே! என்ன பத்தியம்?"

"பால் கூடாது. மஞ்சள் கூடாது. தண்ணியும் நான்தான் அளந்து குடுக்கவேணும்."

"உப்பு?"

"உப்பும் கூடாது."

அவ்வளவுதான்! பின்னேரத்துக்குள் பிளாட்ஸ் முழுக்கச் செய்தி. படியில் காண்கிறவர்கள் குரலைத் தணித்து, "பத்தியம் ஒழுங்காய்ப் போகுதோ?" என்கிறார்கள். கருவாட்டு மணம் துளசிக்கு எட்டக்கூடாதென்று கிளறன்ஸ் குசினி ஜன்னலைச் சாத்திவிட்டார். மண் மெல்லக் காய்ந்தது. நேற்றுக் காலை பார்த்தால் கணுவுக்குக் கணு தளிர்! சத்தியமாய்ச் சொல்லுறன் தம்பி, சுங்கத்திலை எத்தினை பேரை அழவைச்ச நான், அந்தச் சாடிக்கு முன்னாலை நிண்டு அழுதுபோட்டன். மாமி கண்டா. நேரே போய்ச் சூட்கேசுக்குள் மிளகாய்த்தூள் அடுக்கத் தொடங்கிவிட்டா. புதன்கிழமை பிளேன்.

உம்மையும் உம்முடைய பங்கசுகளையும் பிள்ளையார் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். என் தங்கச்சிக்கு, உம்முடைய அம்மாவுக்கு, என் அன்பைச் சொல்லும்.

மனம் குளிர்ந்த மாமா,
இரத்தினசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டமுன் ஒருக்கால் மேலே போனேன். சுகம் வந்தால் முழுகவார்த்துப் பத்தியம் முறிக்கவேணுமாம். பிளாட்ஸே கூடி நின்று பால், மஞ்சள், இளநீர் என்று வார்த்திருக்கு. முதல் செம்பு வார்த்தது மாமியாம். தளிர் எல்லாம் மிதக்குது. மாமி திரும்பப் போய்ப் பார்க்கக்கூடாதென்று மாடிக்கதவைப் பூட்டிவிட்டு, "துளசி முழுகின களையிலை நித்திரை கொள்ளுது, எழுப்பாதை" என்று சொல்லிவிட்டேன். "முழுகின அண்டைக்கு நித்திரை கொள்ளக்கூடாதெல்லோ, காய்ச்சல் வருமே!" என்று கத்திக்கொண்டு மாமி சூட்கேசிலிருந்து மிளகாய்த்தூளை வெளியே எடுக்கிறா. உம்முடைய மருந்துத்தூளைத் தபாலில் அனுப்பவேண்டாம் தம்பி, தூளோடு நீரே வாரும்.