ரெண்டரை நிமிஷ மேதை

எம்பொண்ணு வெண்பா ஏழாவது படிக்கிறா. ஸ்கூல்ல "என் குடும்பம்"னு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. அவ இல்லாத நேரம் நோட்டப் பிரிச்சுப் பாத்தேன். "என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். என் அப்பா நல்லவர்."

அவ்ளோதாங்க. நல்லவர். எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மரப் பத்தி எழுதச் சொல்லியிருந்தாக்கூட நாலு வரி எழுதியிருப்பா. பெத்த அப்பனுக்கு ஒரே வார்த்தை.

அவளத் தப்பு சொல்லவும் முடியல. "வானம் ஏம்ப்பா நீலமா இருக்குது?"ன்னு கேட்டா. "அம்மாவக் கேளு"ன்னேன். "எறும்பு தூங்குமாப்பா?" "அம்மாவக் கேளு." "அம்மா எங்கப்பா?" அது ஒண்ணுக்குத்தான் எனக்குப் பதில் தெரிஞ்சது. "சமையக்கட்டுல."

எம்பொண்டாட்டி மோகனப்பிரியா பி.எஸ்சி. படிச்சவ. ஜாக்கெட்டு தைச்சுக்கிட்டே, மெஷின நிறுத்தாம, வானம் ஏன் நீலம்னு சொல்லுவா. நான் கொளஞ்சிநாதன். விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனி, பதினாறு வருஷமா அச்சு செக்‌ஷன். எம்பொண்ணு சந்தேகம்னா என்னைத் தாண்டிக்கிட்டு உள்ள போறா. வாசல்ல கெடக்கற செருப்பத் தாண்டற மாதிரி. வயிறு எரியாதா?

அன்னிக்கே முடிவு பண்ணேன். நானும் மேதை ஆவறது. வூட்டுக்குத் தெரியாம.

போன்ல அஞ்சு நிமிஷப் பாடம்னு வருதே, பாத்திருப்பீங்க. அறிவியல், வரலாறு, இலக்கியம், புதிருன்னு எல்லாமே இருக்குது. எங்க வேலைல ஒரு சௌகரியமும் உண்டு. களிமண்ணக் கூழாக் கரைச்சு அச்சுல ஊத்திட்டா கால் மணி நேரம் சும்மா குந்தியிருக்கணும். அப்புறம் மீதிக் கூழ வெளிய ஊத்திடணும். கால் மணிக்கு மூணு பாடம். சுலபமா கணக்கு வந்துடுச்சு.

மொத நாளே ராத்திரி சோறு துன்னும்போது வெண்பா கேட்டா: "அப்பா, மின்னல் மொதல்ல வருது, இடி ஏம்ப்பா லேட்டா வருது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அன்னிக்குக் காலைல பாத்த மொதப் பாடமே அதுதான்!

"ஒளி வேகமா வரும்மா. சத்தம் அதுக்கு ஈடு குடுக்க முடியாது. அதான்."

பிரியா தட்டுல ரசம் ஊத்துனவ அப்படியே நின்னா. "அட! உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"ஏதோ தெரியும்"னேன். பெரிய மனுசன் அப்படித்தானே சொல்லணும்.

மறுநாள் எறும்பு பாத்தேன். எறும்பக் கேட்டா. கல்லணை பாத்தேன். கல்லணையக் கேட்டா. ஒரு மாசம், கேட்டதெல்லாம் நான் பாத்ததுதான். இதுல ஒரு மனுசனுக்குச் சந்தேகம் வரணுமா வேணாமா? எனக்கு வரல. எங்க ஊரு சாமி பழமலைநாதரே எனக்கு டியூஷன் எடுக்கறாருன்னு நெனச்சேன்.

நடுவுல ஒரே ஒரு விபத்து. புதிர்ப் பாடம். புலி, ஆடு, புல்லுக்கட்டு, மூணையும் ஒரே படகுல ஆத்தத் தாண்ட வைக்கணும். நான் படகுல மூழ்கிட்டேன். பக்கிரி வந்து தோளத் தட்டுனான். எங்கூட வேல செய்யறவன், வாய் சும்மா இருக்காது.

"யோவ் கொளஞ்சி, கப்பப் பாருய்யா."

"கப்புக்கு என்ன?"

"உள்ள எடமே இல்லய்யா. எவன் டீ குடிப்பான் இதுல?"

கூழ வெளிய ஊத்த மறந்துட்டேன். அம்பது கப்பும் உள்ள அடைச்சுக்கிச்சு. முதலாளி ஒண்ணக் கையில எடுத்து எடை பாத்தாரு. "என்னய்யா இது, கப்பா? எடைக்கல்லா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அந்தப் புதிர் பாதியோட நின்னுபோச்சு. அப்புறம் நான் போன்ல அலாரம் வெச்சுக்கிட்டேன்.

வூட்டுல என் மவுசு ஏறிக்கிட்டே போச்சு. வெண்பா பள்ளிக்கூடத்துலேருந்து வந்தா நேரா எங்கிட்ட வரா. "அப்பா, ஒரு சந்தேகம்"ங்கறா. அந்த மூணு வார்த்தைக்கு நான் என்ன வேணா குடுப்பேன். ஆனா ஆசை அடங்குதா? பொண்டாட்டியையும் ஜெயிச்சுடணும்னு தோணுச்சு.

"பிரியா, ஞாயித்துக்கெழம ஒரு போட்டி வெச்சுக்கலாமா? வெண்பா அஞ்சு கேள்வி கேப்பா. ரெண்டு பேரும் பதில் சொல்லுவோம்."

"எதுக்குங்க போட்டி?"

"பயமா?"

மெஷின நிறுத்துனா. எப்பவும் நிறுத்தாதவ நிறுத்துனா. அப்பவே நான் எழுந்து ஓடியிருக்கணும்.

"சரிங்க. நீங்க ஜெயிச்சா?"

"இனிமே இவளோட எல்லாச் சந்தேகமும் எங்கிட்டதான்."

"நான் ஜெயிச்சா, ஒரு மாசம் காலை டிபனும் இவ டப்பாவும் நீங்க."

"டபுள் ஓகே"ன்னேன். எனக்குத் தோசைக்கல்லு எங்க மாட்டியிருக்குதுன்னே தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டியதில்லன்னு அவ்ளோ தைரியம்.

ஒரு வாரம்தான் இருக்குது. நெறைய பாக்கணும். யோசிச்சேன். எந்தப் பாடமும் பாதி பாத்தாலே விஷயம் புடிபட்டுடுது. மீதி வெறும் வளவளா. பாடத்துக்கு ரெண்டரை நிமிஷம், அதுக்கும் ஒரு அலாரம். கால் மணிக்கு ஆறு பாடம்! இந்த யோசனை இத்தனை நாளா ஏன் வரலன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம. மத்தியானம் கோழிக் கொழம்பு ஆச்சு. வெண்பா சீட்டோட நாற்காலில குந்துனா.

"மொதக் கேள்வி. ஆக்டோபஸுக்கு எத்தினி இதயம்?"

"மூணு!" நான் கத்துன கத்துல பக்கத்து வூட்டு நாயி கொரைச்சுச்சு.

"மூணும் எதுக்குப்பா?"

எதுக்கா? அலாரம் அடிச்சது அங்கதான். "ஒண்ணு பொண்டாட்டிக்கு, ஒண்ணு புள்ளைக்கு, ஒண்ணு முதலாளிக்கு."

"தப்பு. அம்மா?"

"ரெண்டு செவுளுக்கு ரத்தம் தள்ளும். ஒண்ணு ஒடம்புக்கு."

"ரெண்டாவது. அஞ்சு திணையும் சொல்லுங்க."

"குறிஞ்சி. மலை. முல்லை. காடு..."

"அப்புறம்?"

"ரெண்டு போதாதாம்மா? மனுசன் எவ்ளோ எடத்துலதான் இருப்பான்?"

பிரியா மீதி மூணையும், மருதம், நெய்தல், பாலைன்னு, துணி மடிச்சுக்கிட்டே சொன்னா.

"மூணாவது. வாஸ்கோடகாமா கப்பல்ல கெளம்புனாரே, எந்த ஊருக்கிட்ட வந்து எறங்குனாரு?"

ஆப்பிரிக்காவச் சுத்தற வரைக்கும் நான் அவரு கூடவேதான் இருந்தேன். "விருத்தாசலம் ஜங்ஷன்ல எறங்கல. அது உறுதி."

"கோழிக்கோடு"ன்னா பிரியா.

நாலாவது, புலி ஆடு புல்லுக்கட்டு. கைதட்டிக்கிட்டு ஆரம்பிச்சேன். ஆட்ட அக்கரைல வுட்டேன். தனியாத் திரும்பி வந்தேன். புலிய ஏத்துனேன்.

"அப்புறம்ப்பா?"

"அப்புறம்... நடு ஆத்துல நிக்கறோம்மா, நானும் புலியும்."

அஞ்சாவது கேள்விய நான் சொல்லப்போறதில்ல. மானம்னு ஒண்ணு பாக்கி இருக்குது.

அஞ்சுக்கு அஞ்சு பிரியாவுக்கு. எனக்கு முட்டை. "இது எப்படி? எல்லாம் நான் பாத்த பாடம். ஆனா கேள்வி பூரா நான் பாக்காத எடத்துல..." சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கக் கடிச்சேன்.

பிரியா சிரிச்சா. டிவியப் போட்டா. "உங்க போன் கணக்கத்தானேங்க நீங்களே இதுலயும் போட்டு வெச்சீங்க? நீங்க பாக்கறதெல்லாம் இங்கயும் வரிசையா நிக்குது பாருங்க. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் செவப்புக் கோடு. எது வரைக்கும் பாத்தீங்கன்னு."

பாத்தேன். எறும்பு, இடி, கல்லணை எல்லாத்துக்கும் முழுக் கோடு. புதிருக்கும் இந்த வாரத்துப் பாடம் பூராவுக்கும் அரைக் கோடு. என் அரைகுறை வண்டவாளம் நாப்பது இஞ்சுல தெரியுது.

"மீதிப் பாதிய நான் என் போன்ல பாத்துட்டேன். இவ சீட்டுல இருந்த கேள்வியும் அதுலேருந்துதான். பாதில வுட்டா எனக்கு மனசு கேக்காது."

"அப்ப, ஒரு மாசமா இவ கேட்டதெல்லாம்?"

"சாயங்காலம் டிவியப் பாப்பேன். நீங்க என்ன பாத்தீங்களோ அத அப்பாகிட்ட கேளுன்னு இவகிட்ட சொல்லுவேன். அந்தக் கட்டுரைய நானும் படிச்சேங்க. உங்க மூஞ்சியையும் பாத்தேன்."

எனக்குக் கோவம் வரணும். சத்தியமா வரல. ஒரு மாசம் எம்பொண்ண எங்கிட்ட அனுப்பிவெச்சதே இவதானா? மெஷின் மிதிச்சுக்கிட்டே இத்தனையும் பண்ணியிருக்கா. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. இந்த மாதிரி ஒருத்தி கெடைக்க நான் என்ன புண்ணியம் பண்ணேனோ, தெரியல.

அப்ப வெண்பா டீக்கப்பத் தூக்கிக்கிட்டு வந்தா. "அப்பா, இதுக்கு உள்ள எடம் எப்படி வந்துச்சு? குடைவீங்களா?"

"குடையறதா? இங்க வா"ன்னேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கற அச்சு தண்ணிய உறிஞ்சறது, ஓரத்துல மட்டும் மண்ணு தோலாட்டம் புடிக்கறது, நடுவுல இருக்கற கூழத் திருப்பி ஊத்தறது, சூளைல வெந்ததும் கப்பு ஏன் சுருங்குதுன்னு எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு. அலாரம் இல்ல, அரைக் கோடு இல்ல. அவ வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டா. நோட்டுல படம் வரைஞ்சா. "நாளைக்கு மிஸ்ஸுகிட்ட சொல்லுவேன், எங்கப்பா சொன்னாருன்னு"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

அவ வெளையாடப் போனதும் பிரியாகிட்ட மெதுவாச் சொன்னேன்: "மத்ததெல்லாம் நீ சொல்லிக் குடுத்தது. இது ஒண்ணாச்சும் எம்பொண்ணு தானா கேட்டா, பாத்தியா?"

"அதுவும் நான்தாங்க சொல்லி அனுப்புனேன். உங்களுக்கு முழுசாத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

நன்றி சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வந்தது என்னவோ இதுதான்:

"உளுந்து எந்த டப்பாவுல இருக்குது?"