மாவு பழசு என்று சொன்ன கம்ப்யூட்டர்

விம்கோ நகர்
14-7-2001

அன்புள்ள தம்பி அசோகனுக்கு அக்காள் பட்டம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் முழங்கால் வலி, இட்லிக் குண்டான் எல்லோரும் சௌக்கியம். புளியந்தோப்பில் நீயும் உன் தொப்பையும் சௌக்கியமா?

என் பையன் பகலவன் மகிமாவைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, மொய்க்குப் பதிலாக உன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "கம்ப்யூட்டர் பொண்ணு இன்னாக்கா பண்ணப் போவுது, உனுக்கு மாவு ஆட்டித் தருமா?" என்று கேட்டாய். ஆட்டுகிறாள் தம்பி, கம்ப்யூட்டரிலேயே ஆட்டுகிறாள். புரோகிராமில் எல்லாப் பக்கத்துக்கும் வேண்டிய சமாச்சாரத்தை ஹெட்டர் என்று ஒரு ஃபைலில் வைப்பார்களாம். அதை மெஷினுக்குப் புரியும்படி ஒவ்வொரு தடவையும் அரைத்தால் நேரமாகும் என்று ஒரே தரம் அரைத்து எடுத்து வைப்பார்களாம். "இத்த நான் இருவது வருசமா பண்ணிகினு கீறேன், இதுக்கா காலேஜு போனே?" என்றேன். "உங்க கடை தெரியாமப் போச்சே அத்தை, இங்கயே சேர்ந்திருப்பேன்" என்றாள். என் வாய்க்குச் சரியான ஜோடி.

அவள் வேலை பார்ப்பது பக்கத்துத் தெரு ஹபீபுல்லா பாய் கம்பெனியில். ஹார்பரில் எந்தக் கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று காட்டும் புரோகிராம். நேற்று வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க ஹார்பர் ஆட்கள் வருவதாக இருந்தது, அவர்கள் எதிரிலேயே அரைத்து ஓட்டிக் காட்டினால் மகிமாவுக்கு வேலை நிரந்தரம், சொதப்பினால் ஆறு மாச டிரெயினிங்கோடு டாட்டா. ஆபீஸில் மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதால், மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருபவள் நீ கொடுத்ததில் ஹெட்டரைத் திருத்தி, ஃப்ளாப்பியில் எடுத்துப்போய் அங்கே புதிதாக அரைப்பாள். அரைத்த சூடு ஆறுவதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர், அரைத்து வைத்தது பழசு என்று வார்னிங் கொடுக்கும், ஒன்றல்ல, நாற்பது. மறுபடி அரைத்தால் மறுபடி நாற்பது. டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து அரைத்தால் ஒன்றுமே இல்லை. பாய்க்குப் பேஜாராகிவிட்டது. "ஹார்பர்காரங்களயும் டீக்கடையில குந்த வெக்கச் சொல்றியாம்மா?" என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை மகிமா டீக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஃபைலாக விரல் வைத்து நேரம் பார்த்தாள். ஆபீஸில் அப்போது மணி ஒன்று நாற்பது, ஹெட்டரில் இருந்ததோ இரண்டு மணி. இன்னும் வராத நேரத்தில் எழுதிய ஃபைல். மெஷின் பாவம் என்ன செய்யும்? அரிசி வந்தது இரண்டு மணிக்கு, மாவு அதற்கு முன்னாலேயே அரைத்தாயிற்று, அப்படியானால் அது பழைய மாவுதானே. நான் எத்தனை பெரிய மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன், சம்மட்டி எடுக்காமல் சும்மா உட்கார்ந்து பார்த்தே ரிப்பேரைக் கண்டுபிடித்தது இவள் ஒருத்திதான். குற்றம் உன் கம்ப்யூட்டர். சாப்பாட்டுக்கு ஓடும் உன்னைப்போல அதுவும் அரை மணி முன்னால் ஓடியிருக்கிறது. மகிமா அன்றைக்கே சரிசெய்தாள், நேற்று ஒரு வார்னிங்கூட வரவில்லை, வேலை நிரந்தரம். ஓட்டை மெஷினைத் தலையில் கட்டியதற்கு நீ அடுத்த ஞாயிறு வஞ்சிரத்தோடு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டம்மாள்

பி.கு.: உன் மெஷினைத் திட்டியதை அடித்துவிடு. முதல் ஷிப்ட்டு ஆட்களுக்கு இட்லி பிந்தக்கூடாது என்று நம் வீட்டில் எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னால் ஓடுவது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் மூலையில் ஒன்று மட்டும் பின்தங்கி நிற்கிறதே என்று அதைத் தள்ளி வைத்தது நான்தான். இப்போதுதான் மகிமாவிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும் அத்தை, மவுஸ் பூரா மாவு" என்றாள். "அப்பால ஏன் இன்னும் அரை மணி முன்னாடியே ஓடுது?" என்றேன். "நீங்க வெச்ச டைம் இருக்கட்டும்னு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தள்ளி வெச்சிட்டேன்" என்றாள். பாய்க்குத் தெரியாது, அதில் மணி பார்த்து இரண்டு நாளாக எல்லோரையும் அரை மணி முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஞாயிறு சாப்பாடு ஒரு மணிக்கு. எங்கள் வீட்டு ஒரு மணிக்கு.