தலைமடை மாப்பிள்ளை

என் டைரியில் நான் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருக்கிறேன். ‘ஃபயர்வால் சான்றிதழ்த் தேர்வு எழுத முடிவு. காரணம்: தொழில் வளர்ச்சி.’ உண்மையான காரணத்தின் பெயர் சங்கர். என் மனைவியின் தங்கை கணவர்.

மயிலாடுதுறையில் ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறார். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டி அங்கே ஒன்று உண்டு. அதைத் தயாரிக்கும் கம்பெனி நடத்துகிற தேர்வில் தேறினார். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் மாமனார் அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். (அந்த ஆணியில் இருந்த என் கல்யாணப் போட்டோ மாடிப்படிக்குப் போயிற்று.)

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எனக்கும் அதே வேலைதான். அவரைவிட ஒன்பது வருடம் சீனியர். டைரியில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதினேன். தீமையில் முதல் வரி: ‘நம் கல்லூரியில் இருப்பது வேறு கம்பெனிப் பெட்டி.’ அதை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

“இல்லாத பெட்டிக்கு எதுக்குங்க படிப்பு?” என்றாள் என் மனைவி மாலதி.

“அடிப்படை எல்லாம் ஒண்ணுதான்.”

“ஆணி அடிக்கிற சுவரும் ஒண்ணுதான்.”

நான்கு மாதம் படித்துத் தேறினேன். முதல்வரிடம் சொன்னேன். (அவர் கேட்கவில்லை.) மறுநாளே கல்லூரிப் பெட்டியில் கைவைத்தேன். அனுமதித்தவை போக மீதி எல்லாவற்றையும் தடுக்கக் கடைசியாக ஒரு விதி, அவ்வளவுதான். நான் படித்த பெட்டியில் புதிய விதி பட்டியலின் அடியில் போய்ச் சேரும். எங்கள் பெட்டியில் உச்சியில் ஏறி உட்காரும். பெட்டி மேலிருந்து கீழாகத்தான் படிக்கும், பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். முதல் வரியே ‘எல்லாவற்றையும் தடு’.

காலை 10.42க்குக் கல்லூரி முழுக்க இணையம் நின்றது. அன்று மாணவர் சேர்க்கை. 11.15க்கு முதல்வர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“சர்டிஃபிகேட் வாங்கினேன்னு சொன்னீங்களே சார்?”

11.40க்கு, யாருக்குப் போன் செய்யவே கூடாது என்றிருந்தேனோ அவருக்கே செய்தேன்.

“அண்ணே, புது ரூல் மேல இருக்கா, கீழ இருக்கா?”

பார்த்தேன். “மேல.”

போனுக்குள் இன்னொரு குரல் சிரித்தது. சங்கர் அன்று திருக்காட்டுப்பள்ளியில் இருந்திருக்கிறார், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். மாமனார் கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, தலைமடையில அடைச்சுப்புட்டு, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு தேடுறீங்களா?”

விதியை அடியில் இறக்கினேன். 11.44க்கு எல்லாம் ஓடியது.

என் சான்றிதழையும் மாமனார் மாட்டியிருக்கிறார், மாடிப்படியில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில். குடும்பக் கல்யாணங்களில் பந்தியின் கடைசி இலைக்குப் பாயசம் வரத் தாமதமானால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “தலைமடை மாப்பிள்ளை எந்த இலையில உட்கார்ந்திருக்காருன்னு பாருங்கப்பா.”

முதலில் சிரிப்பவர் சங்கர். அதையும் தேதியோடு குறித்து வருகிறேன்.