டீதிங் ட்ரபிள்

"வீட்டு வேலையெல்லாம் ஒரு வேலையா? பிளான் பண்ணத் தெரியணும். உனக்கு வீட்டையே பிளான் பண்ணத் தெரியல, இதுல தையல் கடைக்கு வேலைக்குப் போறியாம்!"

சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "இன்னிக்குக் காலையில வீடு என் பொறுப்பு. பாத்துக் கத்துக்க."

அவருக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். தெருக்கோடித் தையல் கடை அக்கா என்னைக் காலை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். இன்றைக்குப் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். பாப்பாவை வீட்டுக்காரர் இடுப்பில் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். வெளியே போய்க் கதவு நம்பரைப் பார்த்தேன். நம்பர் சரிதான். வீடுதான் சரியில்லை.

வாஷிங் மெஷின் நுரை வாசல் வரைக்கும் வந்து என்னை வரவேற்றது. அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரத்தோடு ஐக்கியமாகியிருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் என் சிவப்புத் துண்டின் புண்ணியத்தில் ரோஸ். மேசைக்கு அடியில் பவுடர் மூட்டை ஒன்று அசைந்தது. பார்த்தால், பாப்பா!

"ஐயய்யோ! என்னங்க இது?"

"டீதிங் ட்ரபிள்" என்றார், அசராமல்.

"என்னது?"

"இங்கிலீஷ். ஃபேக்டரியில புது மெஷின் மாட்டினா கொஞ்ச நாள் மக்கர் பண்ணும். மேனேஜர் இப்படித்தான் சொல்வார். குழந்தைக்குப் பல்லு முளைக்கிறப்ப அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுமில்ல? அதுமாதிரி, ஆரம்பத்துல வர்ற தொல்லை."

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சப்ப நீங்க தலையணையைத் தூக்கிட்டு மொட்டைமாடிக்கு ஓடிட்டீங்களே!"

"பேச்சை மாத்தாதே. முதல்ல இடறினா தோத்துட்டோம்னு அர்த்தமில்ல."

"அப்போ போகப் போகச் சரியாயிடுமா?"

"கண்டிப்பா! விடாம செய்யணும். பாதியில விட்டாத்தான் தோல்வி. எங்க மேனேஜர் மெஷினைத் திருப்பியா அனுப்பிட்டார்?"

"அப்பாடா!" என்றேன். "நாளையிலேர்ந்து வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேங்க. வீட்டைப் பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு, வேண்டாம்னு சொல்லிடலாம்னுகூட நினைச்சேன். நல்லவேளை, நீங்க தைரியம் குடுத்தீங்க."

"நாளையிலேர்ந்தா? அப்ப காலையில வீட்டை யாரு..."

துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரு பல்லோட நிறுத்திட்டா எப்படிங்க? மீதியும் வரட்டும்."