மாமன் மடியும் சிவப்புக் காரும்

ஒரு காட்டில், கிழங்குக்குக் குறைவில்லாத மலைச்சரிவில், சடையாண்டி என்ற முள்ளம்பன்றி தன் மனைவி பவுனுத்தாயியோடும் நாலு பிள்ளைகளோடும் குடியிருந்தது. குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. "உனக்கென்னடி, தங்கமான புருஷன்" என்று பக்கத்துப் புதர்க்காரிகள் பவுனுத்தாயியிடம் பெருமூச்சு விடும். அந்தத் தங்கத்துக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும். பழசானாலும் பரவாயில்லை, சிவப்பாக இருக்க வேண்டும்.

அந்த வருஷம் அதன் தங்கை ராக்காயிக்குக் குட்டி பிறந்தது. பங்குனியில் காது குத்து என்று நாள் குறித்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். நேரத்துக்கு மாமன் வரவில்லையென்றால் வேறு யார் மடி கொடுக்கிறதோ அதுதான் அப்புறம் மாமன். மொட்டை, சடங்கு, கல்யாணம் வரைக்கும் எல்லா மரியாதையும் அந்த மடிக்குப் போய்விடும்.

"நடந்து போய் நிக்கிற மாமனா நான் போக மாட்டேன். கார்ல போய் இறங்கற மாமனாத்தான் போவேன்" என்றது சடையாண்டி.

"ஓடையைத் தாண்டினா ராக்காயி வீடு. இதுக்கு எதுக்குங்க காரு?" என்றது பவுனுத்தாயி.

இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கார் ரசிகர் காதில் ஏறாது.

தரகர் நரி காரைக் கொண்டு வந்து நிறுத்தியது. "ஒரே ஓனர். அதுவும் டாக்டர். ஆந்தை டாக்டர். பகல்ல வெளியவே எடுத்ததில்ல. பெயிண்டு மேல வெயில் பட்டதே கிடையாது, பார்த்துக்குங்க."

"ஓடுமா?" என்றது பவுனுத்தாயி.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! சத்தத்தைக் கேளுங்க."

நரி சாவியைத் திருகியது. சிங்கத்துக்கு வயிறு சரியில்லாதது போல ஒரு சத்தம் வந்தது. சடையாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிலிர்த்த உடம்போடு போய் உட்கார்ந்ததில் தோல் சீட்டில் நூற்று இருபது ஓட்டை. அதற்கு மேல் பேரம் பேச என்ன இருக்கிறது? வளையில் சேர்த்து வைத்திருந்த கிழங்கெல்லாம் நரியின் குகைக்குப் போனது.

"ஏங்க, சீட்டு ரெண்டுதான இருக்கு. பிள்ளைகள எங்க வைக்க?"

"இது ரெண்டு பேர் போற வண்டி பவுனு."

"மிச்ச நாலு பேரு?"

"சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பின்னால வரட்டும்."

வண்டிக்குப் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் அவ்வளவு தாழ்வு. முன்பக்கத் தகடு பழத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பவுனுத்தாயி பழத்தை எடுத்துவிட்டு நெல்லிக்காய் வைத்தது. அதிலும் முட்டியது. கடைசியில் சமையலுக்கு வைத்திருந்த சுண்டைக்காயில் நாலு வைத்தது. அது நசுங்கியது. "திருஷ்டி கழிஞ்சுச்சு. மிச்சத்தக் கொண்டாங்க, வத்தக்குழம்பு வைக்கணும்" என்று பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டது.

பேர் மாற்ற வண்டிப் பதிவு ஆபீஸுக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கரடி உட்கார்ந்திருந்தது.

"பழைய ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரு ஆந்தைங்க. பகல்ல தூங்கிருவாரு."

"ஆபீஸ் பத்துலருந்து அஞ்சு வரைக்கும்தான்."

"அப்ப என்னதாங்க செய்ய?"

"ஆபீஸ இருட்டாக்கச் சொல்லி மனுக் கொடுங்க. அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. மூணு காப்பி."

சடையாண்டி மூன்று காப்பியும் எழுதிக் கொடுத்தது. இன்று வரைக்கும் அந்தக் கார் ஆந்தை பேரில்தான் இருக்கிறது.

மறு வாரமே கார் நின்றது. பானட்டைத் திறந்தால் உள்ளே பிச்சைமணி என்ற பெருச்சாளி ஈரத் துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தது.

"யாருய்யா நீ?"

"மெக்கானிக்குங்க."

"வயரக் கடிச்சது யாரு?"

"எதோ பெருச்சாளி வேலைங்க. பாவிப் பயலுக."

"நீயும் பெருச்சாளிதானய்யா!"

"வேலை நேரத்துல நான் மெக்கானிக்குங்க."

பவுனுத்தாயி விளக்குமாற்றை எடுத்தது. சடையாண்டி தடுத்துவிட்டது. "மெக்கானிக்கு வண்டிக்குள்ளயே இருக்கறது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? ஊர்ல யாருக்குக் கிடைக்கும்?"

பிச்சைமணி காலையில் வயரை ஒட்டும், மாலையில் கடிக்கும். மாற்ற வேண்டிய சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து நாரை கொண்டு வர வேண்டும் என்று சொல்லும். நாரையோ வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். சடையாண்டி மனம் தளரவில்லை. வேக வண்டி ரசிகர் சங்கத்தில் சேர்ந்தது. நத்தை, ஆமை, தேவாங்கு மூன்றும் அதில் உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நாலும் பானட்டைச் சுற்றி நின்று "ம்ம்ம்" என்று சொல்லும். பவுனுத்தாயி நாலு டம்ளர் டீ கொண்டு போய் வைக்கும். இது பராமரிப்பு.

பங்குனியும் வந்தது. நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. சடையாண்டி ஏழு மணிக்கே குளித்து, வேட்டி கட்டி, சீர்த்தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் மாட்டியது. அன்று பிச்சைமணிக்கு வயிறு சரியில்லை, வயரைத் தொடவில்லை. கார் கிளம்பியேவிட்டது. பவுனுத்தாயி பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தது.

ஓடைப்பக்கம் ஒரு மலைப்பாம்பு, முந்தின நாள் விருந்தில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, பாதைக்குக் குறுக்கே நகர மாட்டாமல் படுத்திருந்தது. சடையாண்டி அதை வேகத்தடை என்று நினைத்தது. மெதுவாக, பக்குவமாக, ஒரு பக்கமாகத் திருப்பி ஏற்றியது. கார் பாம்பின் வயிற்று மேட்டில் ஏறி, அடிவயிறு தட்டி, நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, தராசு மாதிரி ஆடி நின்றது.

"தம்பி, இறங்குங்க. மூச்சு முட்டுது" என்றது பாம்பு.

"நீங்க கொஞ்சம் நகருங்கண்ணே."

"நாலு நாளாகுமே தம்பி. செரிக்கணும்ல."

நடந்து வந்த பவுனுத்தாயி எட்டிப் பார்த்தது. "வாங்க, இறங்கி நடப்போம். இந்தா தெரியுது ராக்காயி வீடு."

"வண்டிய விட்டுட்டா? குரங்குக வந்து கதவுல பேரக் கீறி வச்சிட்டுப் போயிரும்."

"உங்க சித்தப்பா மகன் சிலம்பன் இருக்குல்ல, அது மொபட்டுல காலையிலயே வந்திருச்சாம். மடியில புதுத் துண்டு விரிச்சு ரெடியா உட்கார்ந்திருக்காம். நீங்க காருக்குக் காவல் இருங்க. அது மாமனாகட்டும்."

முள் இன்னும் முற்றாத அந்தக் குட்டி, போன தடவை தன் மூக்கைப் பிடித்து இழுத்தது சடையாண்டிக்கு ஞாபகம் வந்தது. "கார் கெடக்கட்டும். குரங்கு என்ன வேணா எழுதட்டும்" என்று எழுந்தது.

எழ முடியவில்லை. பயத்தில் முள் சிலிர்த்திருந்தது. சிலிர்த்த முள் சீட்டில் இறங்கியிருந்தது. இறங்கியதால் பயம் கூடியது. பயம் கூடக்கூட முள் இன்னும் இறங்கியது.

"பவுனு, மணி என்ன?"

"ஒம்போதரை."

"எம்மடி போச்சே பவுனு!" என்று ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்து அழுதது.

பவுனுத்தாயி பிள்ளைகளிடம் ஆளுக்கொரு முறுக்கைக் கொடுத்து, "அப்பா பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடியது. காது குத்து வீட்டில் மரங்கொத்தி ஆசாரி அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"மதினி, அண்ணன் எங்க?" என்றது ராக்காயி.

"மாமன் மடிதான வேணும்? மடி தயாரா இருக்கு. ஆனா எந்திரிக்காது. காரோட பிடிச்சிருச்சு. நாமதான் போகணும்."

"அதெப்படி? இங்க ஒரு மடி சும்மாதான இருக்கு" என்றது சிலம்பன், துண்டைச் சரி செய்தபடி.

"யாரு வேணாம்னது? கார்ல உட்கார்ந்து காது குத்திக்கிற யோகம் எந்தப் பிள்ளைக்கு இருக்கு? உங்க மொபட்டுல முடியுமா?" என்றது பவுனுத்தாயி.

கூட்டம் சிலம்பனின் மொபட்டைத் திரும்பிப் பார்த்தது. பிறகு நாற்பது சொந்தக்காரர்களும் மேளத்தோடு, பந்தியில் போட வைத்திருந்த சாப்பாட்டு அண்டாவோடு கிளம்பிவிட்டார்கள்.

பத்து இருபத்தைந்துக்கு, பாம்பின் மேல் ஆடிக்கொண்டிருந்த காரில், குட்டியை ஜன்னல் வழியாக மாமன் மடியில் வைத்தார்கள். ஆசாரி மறு ஜன்னல் வழியாக அலகை நீட்டிக் கொத்தியது. குட்டி வீறிட்டது. கையில் ஹாரன் அகப்பட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு அதை அமுக்கியது. சடையாண்டி இன்னும் அழுதுகொண்டிருந்தது.

அப்புறம் நாற்பது பேரும் தோள் கொடுத்துக் காரைத் தூக்கி, மாமனோடு சேர்த்து சடையாண்டி வீட்டு வாசலில் கொண்டு போய் இறக்கினார்கள். அண்டாவும் கூடவே வந்தது. பவுனுத்தாயிக்கு அன்று அடுப்பு மூட்டும் வேலை இல்லை.

"அண்ணே, ஐப்பசியில மொட்டை. நீ எங்கயும் அலையாத. கார்லயே உட்காரு, நாங்க வந்துடறோம்" என்றது ராக்காயி.

சிலம்பனும் அதன் மனைவியும் மொபட்டில் வீடு திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி கேட்டது:

"இது ஏங்க இப்படி ஒழுங்கா ஓடித் தொலையுது?"

சிலம்பன் யோசித்தது. பிறகு ஸ்பானரை எடுத்து, மொபட்டின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓடையில் விட்டெறிந்தது.

நீதி: ஓடுகிற வண்டி வைத்திருந்தால் சொந்தக்காரர் வீடுகளுக்கு நாம் போக வேண்டும். ஓடாத வண்டி வைத்திருந்தால் அவர்களே வருவார்கள், சாப்பாட்டோடு.